கிருமியில்லாத இரத்தம்

மாசாய் வட்டாரத்தில் வலிக்காமல் இரத்தம் எடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. தனியார் பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாக மோட்டார் சைக்கிளில் போவேன். என் கணவர் திருச்செல்வத்துக்கும் நான்தான் எடுப்பேன். கட்டிய மனைவி எடுப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, சார்?

குடித்துக் குடித்து அவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது. கால்வாயோரம் விழுந்து கிடந்தவரை எத்தனையோ முறை தூக்கி வந்து குளிப்பாட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். பிறகு குடியை விட்டார். இரண்டு தீபாவளிக்குத் தொடவே இல்லை. அவரிடம் இருந்த நல்லதையும் நான் மறைக்கமாட்டேன்.

இந்த நோயில் ஒரு தொல்லை உண்டு. வயிற்றில் தேங்கும் நீரில் கிருமி புகுந்தாலும் பலருக்குக் காய்ச்சல் வராது, சும்மா சோர்ந்து கிடப்பார்கள். அதனால்தான் டாக்டர் நிரஞ்சன் இரத்தத்தில் கிருமியைக் காட்டும் பரிசோதனையைத் தனியாகச் செய்யச் சொல்வார். "அது ஏறிச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க அக்கா. வயித்துத் தண்ணிய எடுத்துப் பார்த்து மருந்து ஏத்திடலாம். லேட் பண்ணிட்டா ஆள் தாங்கமாட்டாரு" என்றார்.

எங்களுக்கு ஒரே மகள், லோஷினி. சிங்கப்பூரில் வேலை. தன் ஈரலில் ஒரு பகுதியை அப்பாவுக்குக் கொடுக்க முடிவு செய்தாள். பரிசோதனையில் பொருந்தியும் விட்டது. "அது திரும்ப வளந்திடும்லா அம்மா, ஏன் பயப்படுறீங்க?" என்று சிரித்தாள். கோயிலில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் யாரும் தங்கள் ஈரலைத் தருவதாகச் சொல்லவில்லை. பிள்ளையின் வயிற்றில் கத்தி படுவதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் அவர் துவண்டு போனார். பேச்சு குழறியது. எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன், கிருமி புகுந்துவிட்டது என்று எனக்குத் தெரியாதா? இரண்டு குழாய்கள் எடுக்க வேண்டும். ஈரலுக்கான குழாயில் அவர் இரத்தத்தையே எடுத்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாக இருப்பவருக்கு ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று வந்தால் எந்த டாக்டர் நம்புவார்? கிருமிக்கான குழாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மேல்கையில் கட்டிய ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கி, என் கையிலிருந்து எடுத்தேன். அவர் பெயரை ஒட்டினேன்.

டாக்டர் போன் செய்தார். "கிருமி இல்ல அக்கா. மயக்கத்துக்கு வயித்தால போற மருந்தைக் கூட்டிக் கொடுங்க, போதும்." லோஷினி நிம்மதியாக வேலைக்குப் போனாள். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன், பக்கத்திலேயே இருந்தேன். இரண்டொரு நாளில் மூச்சு நின்றது. அவர் கஷ்டப்படவில்லை. முனகினார், அவ்வளவுதான்.

சாவு வீட்டில் என் வளையல்களைக் கழற்றும்போது முழங்கை மடிப்பு நீலமாகக் கன்றியிருந்ததை லோஷினி பார்த்துவிட்டாள். இரத்தம் எடுப்பவளின் மகளுக்கு அந்த இடம் தெரியும். "யாரும்மா உங்களுக்கு ரத்தம் எடுத்தா?" என்று கேட்டாள். நான் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டேன். அவள்தான் போலீஸ் என்று உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். பிள்ளையைக் கத்தியிலிருந்து காப்பாற்றத்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லுவார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். துவண்டு விழுவதற்கு முன்னால், நல்ல தெளிவில், அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பிள்ளை வயித்துல கத்தி வேணாம் கஸ்தூரி. ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இருக்கிற வரைக்கும் நீயே என்னைப் பாத்துக்க" என்றார்.

சரி என்றேன். அதற்குப் பிறகுதான் சார் என் கையிலிருந்து அந்த இரத்தத்தை எடுத்தேன்.