தங்கம்னு சொல்லக் கூடாதாம்

...பின்ன இன்னா தங்கச்சி, பொண்ணு பாக்கப் போன எடத்துல எவளாச்சும் பரிச்ச வெப்பாளா? நீ அந்தச் சாமை மூட்டைய கொஞ்சம் நவுத்து, காலு நீட்ட முடியல. வெள்ளிமலைக்கா போற? அப்ப கள்ளக்குறிச்சி போயி மலை பஸ்ஸு புடிக்கணும் நீ. நெறைய நேரம் கீது, கேளு.

மடியில இன்னா பாக்கற? பூவுதான், மல்லி. பொண்ணு தலையில வெச்சி முடிவு பண்ணிட்டு வர்லாம்னு காலைல கட்டுனது. அப்டியே திரும்பி வருது என்னோட.

பொண்ணு பேரு கண்ணகி, நைனார்பாளையம். தமிழ் படிச்சிட்டு டீச்சரா கீது. அப்பன் அய்யனாரு மரவள்ளி போட்டுகினு கீறாரு, தங்கமான மனுசன்... பாத்தியா, இந்தத் தங்கம்தான் என் குடியக் கெடுத்துது. போயி ஒக்காந்ததும் சொன்னேன், "எம்புள்ள தனசேகரன் தங்கம்மா"ன்னு. அது காபி டம்ளர நீட்டிகினே சொல்லுது, "அது உருவக அணி அத்த. அவரு மனுசருதான?"

சரி, படிச்ச பொண்ணு, வெளையாடுதுன்னு வுட்டுட்டேன். "வாயில்லாப் பூச்சிம்மா அவன்"ன்னேன். "அதுவும் உருவகம். வாய் இருக்குதே, பஜ்ஜி தின்னுகினு இருக்குது பாருங்க." இவனும் தின்னுகினுதான் இருந்தான், பாவி. எங்கண்ணன் பூமாலை சும்மா இருக்கலாம்ல? "மாப்ள டிராக்டர்ல கரும்பு ஏத்திகினு மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு வந்தா தேரு வர்ற மாதிரி இருக்கும்"னாரு. உவமையாம். "ஊரே திரும்பிப் பாக்கும்"னாரு. உயர்வு நவிற்சியாம். அப்பன்காரரு ஒவ்வொண்ணுக்கும் "கரெக்டு, கரெக்டு"ன்னு தலைய ஆட்டறாரு. அதுக்குள்ள பக்கத்து வூட்டு சனமெல்லாம் ஜன்னல்ல. எங்கண்ணன் இருமுனாக்கூட வெளிய இருந்து "உவமை, உவமை"ன்னு எடுத்துக் குடுக்குதுங்க. அவரு கோவிச்சிகினு செருப்ப மாட்டுனவருதான், எந்த பஸ்ஸுல போனாரோ தெரியல.

அந்த நேரம் பாத்து செவுத்துல பல்லி சொல்லுச்சி. எனுக்கு உசுரே வந்துது. "பாத்தியாம்மா, பல்லியே சம்மதம் சொல்லிட்டுது"ன்னேன். "தற்குறிப்பேற்ற அணி அத்த. பல்லி அதுபாட்டுக்குக் கத்துது. நீங்க உங்க மனசுல இருக்கறத அதுமேல ஏத்தறீங்க." பல்லியக்கூட வுட்டு வெக்கல தங்கச்சி. அப்பறம் அந்தப் பல்லியும் வாயத் தொறக்கவேயில்ல.

எனுக்குக் கோவம் வந்துட்டுது. "நல்லா வளத்துக்கீறீங்க பொண்ண"ன்னேன். அது மூஞ்சி மலந்துபோச்சி. "வஞ்சப்புகழ்ச்சிப்பா, அத்தைக்கு எல்லா அணியும் வருது"ன்னு அப்பன்கிட்ட சொல்லுது, இன்னாமோ நான் பரிசு வாங்கிட்ட மாதிரி.

எழுந்துக்கலாம்னு பாத்தேன். அப்பதான் சிரிக்காம ஒண்ணு சொல்லுச்சி. அதோட அக்கா ஆண்டாளு உள்கதவுல சாஞ்சி நின்னுகினு இருந்தா. "எங்கக்காவப் பாக்க வந்தவங்களும் மாப்ள தங்கம்னுதான் சொன்னாங்க அத்த. அடி தாங்காம திரும்பி வந்துட்டா. நீங்க அணியில்லாம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அவரப் பத்தி. நடந்தத நடந்தபடி. அது போதும், பூ வெச்சிட்டுப் போங்க."

ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. பெத்து வளத்தவ நான். கொஞ்சுனா தங்கம், திட்டுனா எரும. ரெண்டுக்கும் நடுவுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம ஒக்காந்துகினு இருந்தேன். அழுவ வந்துட்டுது தங்கச்சி.

இன்னா கேக்கற? நெசமாவே ஒண்ணும் இல்லியான்னா? இல்லாம இன்னா... கிட்ட வா, அவன் முன்னாடி சீட்டுலதான் கீறான், காதுல வுழும். போன வருசம் காஞ்ச கரும்புச் சோகையில வழுக்கி வுழுந்து காலு ஒடச்சிகினு மாசக்கணக்கா படுத்துட்டேன். என் பொடவ, பாவாட எல்லாம் அவன்தான் தொவச்சான். வூட்ல தண்ணி இல்ல, தெருக் கொழாயில ஒக்காந்து தொவச்சான். கூட்டாளிப் பசங்க நின்னு சிரிப்பானுங்க. இவன் புழிஞ்சி ஒதறி கொடியில போட்டுட்டுதான் வண்டி எடுப்பான்.

அதப் போயி பொண்ணு வூட்ல எப்டி சொல்றது? ஆம்பளப் புள்ள பொடவ தொவச்சான்னா கேவலமா நெனைக்க மாட்டாங்க? காலைல பஸ்ஸு ஏறும்போதே சத்தியம் வாங்கிகினேன், செத்தாலும் அத வாயில எடுக்காதடான்னு. அது கேட்டப்ப இவன் என்னப் பாத்தான். நான் தலைய ஆட்டுனேன், வாணாம்னு. அதான் இவன் இன்னொரு பஜ்ஜிய எடுத்து வாயில வெச்சிகினான்.

...இன்னா தங்கச்சி அப்டி பாக்கற?

அதத்தான் அது கேட்டுதா?

இந்தப் பூவ கொஞ்சம் மோந்து பாரு. வாடலதான? கண்டக்டரே, நிறுத்துங்க, நிறுத்துங்க... ஸ்டாப்பு இல்லன்னா இன்னா, எறங்கி எதிர் பஸ்ஸு புடிக்கணும். நவுரு தங்கச்சி, மூட்டைய எடு. டேய் தனசேகரா, எழுந்துரு. திரும்பிப் போறோம். அங்க போயி பஜ்ஜி குடுத்தா வாங்காத. நான் அந்தப் பொடவ கதைய சொல்றப்ப, தலைய மட்டும் குனியாதடா.