அம்சாவின் உடம்பில் இருந்த ரத்தக்கட்டுகள்

12-9-1979, போலீஸ் ஸ்டேஷன், திருத்தணி.

நான் வள்ளிநாயகி, வயது இருபத்தாறு, கணவர் பெயர் கஜபதி, பள்ளிப்பட்டு நெசவாளர் தெருவில் குடியிருக்கிறேன். தறி ஓட்டிப் பிழைக்கிறோம். கணவரின் முதல் மனைவி இறந்த பிறகு என்னைக் கட்டினார். அந்த அம்மாள் பெற்ற குழந்தை அம்சா, வயது ஐந்து, என்னைச் சின்னம்மா என்று கூப்பிடும். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதும்படி ஏட்டய்யாவைக் கேட்டுக்கொண்டேன்.

குழந்தை எதில் லேசாக இடித்துக்கொண்டாலும் அந்த இடம் நீலம் பாரித்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாய்மாமன் பரந்தாமன் வந்து, முதுகிலும் தொடையிலும் இருந்த ரத்தக்கட்டைப் பார்த்துவிட்டு, "சக்களத்தி புள்ளைன்னு அடிச்சிகினு இருக்கியா?" என்று தெருவே கூடும்படி கத்தினார். அதன் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஒரு டாக்டரிடம் வந்தார். நானும் அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. "ரத்தத்தையும் பாருங்க சார், இவளுக்கு ரத்தம் நிக்காது" என்றேன். டாக்டர், "சித்தியாம்மா நீ? அப்புறம் என்ன டெஸ்ட்டு?" என்று சொல்லி, அடித்த காயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சித்தி என்றால் அடித்தே தீருவாளா? போன வருஷம் மலைமேல் அம்சாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். முறைப்படி இதே பரந்தாமன் மடியில்தான் உட்கார வைத்தோம். ஆசாரி குத்தினதும் ரத்தம் வந்தது வந்ததுதான், மஞ்சள் அப்பியும் நிற்கவில்லை. பரந்தாமன் வேட்டி நனைந்து, வேறு வேட்டி மாற்றிக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடச் சொன்னவரும் அவரேதான். மனுஷனுக்கு மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?

டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்துப் பரந்தாமன் கொடுத்த புகாரின் பேரில் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். என் கணவர் டாக்டரிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால், இன்று காலை குழந்தையின் காதுமடலில் ஊசி குத்தி, தாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார்களாம். ரத்தம் நிற்கவே இல்லையாம். ரத்தத்தில்தான் கோளாறு, மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் காட்டவும் என்று டாக்டர் இப்போது எழுதியிருக்கிறார். இந்த ஊசியை முதல் நாளே குத்தியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

அதன் பிறகு ஏட்டய்யா, "போவட்டும்மா, சமாதானமாப் போறதா எழுதிடறேன். இனிமே அடிக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டு புள்ளைய இட்டுகினு போ" என்றார். பரந்தாமனும் "ஆங்" என்று தலையாட்டினார். நான் முடியாது என்றேன். இனிமேல் அடிக்க மாட்டேன் என்றால் இதுவரை அடித்தேன் என்று ஆகாதா? நாளைக்கு அவள் எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டியே பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். வாசலில் அவள் சின்னம்மா, சின்னம்மா என்று அழுவது எனக்குக் கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் உண்மை. அம்சாவை நான் அடிக்கவில்லை. இதற்கு மட்டும்தான் என் கையெழுத்து.

(ஒப்பம்) க. வள்ளிநாயகி