பன்னிரண்டாவது கம்ப்ளெயின்ட்

கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, பின்னால் வயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்பதுதான். பத்தில் ஏழு தடவை நோய் அங்கேதான் இருக்கும். பெருக்க வந்த அம்மாவின் துடைப்பம் தட்டியிருக்கும். அதைச் செருகிவிட்டு வர வேலூர் லாங் பஜாரிலிருந்து ஆம்பூர்வரை ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். நீங்கள் ஜீப்பில் போகிறவர் சார், அந்த வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

என் பெயர் செல்வகுமார். லாங் பஜாரில் சின்னக் கடை. சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுப் பராமரிப்பது தொழில். அந்தோணியும் கோவிந்தசாமியும் கழிவுநீர்த் தொட்டிக்குள் செத்துப்போன, தோல் பதனிடும் அந்த டேனரிக்கும் நான்தான் பராமரிப்பு. மூன்று நாளாக நீங்கள் முபஷ்ஷிராவை உட்காரவைத்து விசாரிக்கிறீர்கள். அந்தப் பெண் அழுதழுது ஒரே பதிலைச் சொல்கிறாளாம். கேட்டு எனக்கு மனசு பொறுக்கவில்லை. யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முபஷ்ஷிரா அங்கே ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவள். அவள் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் பம்ப் ரூமில் ஒரு வாயு மீட்டர் இருக்கிறது. தொட்டிக்குள் விஷவாயு எவ்வளவு என்று அளந்து, வயர் வழியாக அவள் திரையின் ஓரத்தில் ஒரு நம்பராகக் காட்டும். மாதம் ஒருமுறை தொட்டி கழுவ அந்தோணி இறங்குவார். இறங்குமுன் இன்டர்காமில் அவளைக் கேட்பார். பத்துக்குள் இருந்தால் இறங்கலாம், தாண்டினால் கூடாது. அந்த மனிதரின் உயிர் அந்த நம்பரில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும். தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை இரண்டு மாதமாகச் சனியன் பிடித்திருந்தது. கனெக்‌ஷன் வரும், போகும். நான் போய் நின்றால் மட்டும் சமர்த்தாக வேலை செய்யும். வயரை மாற்றினேன். கார்டை மாற்றினேன். எல்லா வயரும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியையே மாற்றினேன். திரும்பிப் போகையில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுமுன் போன் அடிக்கும்.

“செல்வா அண்ணா, மறுபடியும் போய்டுச்சு. கன்டெய்னர் நிக்குது, நான் இன்னா பண்றது?”

வண்டியைத் திருப்புவேன். ஒருநாள் ரோட்டோரம் நிறுத்தி ஹெல்மெட்டைத் தரையில் அடித்து உடைத்தேன். பிறகு புது ஹெல்மெட் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தொழிலில் கோபம் கூடாது.

மேனேஜர் வாஹித் பாஷா ஒவ்வொரு கம்ப்ளெயின்டையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். பதினொன்றாவதை எழுதிவிட்டு, ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “ஜாஸ்தி பேஜாராப் போச்சு செல்வா. இன்னொரு தபா எழுத வெச்சீன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்.” பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னை அப்படி யாரும் பேசியதில்லை.

அன்றைக்கு ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்ததில் கண்டுபிடித்தேன். மீட்டரிலிருந்து வரும் வயரைப் பிடுங்கியதும் முபஷ்ஷிராவின் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. அந்த வாயு செம்பைத் தின்னும் சார். பம்ப் ரூமில் வயரின் முனை கறுத்துப்போயிருக்கும். அந்த ஒரு வயர் மொத்த ஸ்விட்சையும் குழப்பிக்கொண்டிருந்தது. முனையை வெட்டிப் புது முனை போட்டால் தீர்ந்தது. பத்து நிமிஷ வேலை.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு போகத்தான் செய்தேன். பம்ப் ரூமுக்குப் போகிற வழி முழுக்கச் சேறு, கணுக்கால் ஆழத்துக்கு. நான் புது ஷூ போட்டிருந்தேன். பாஷாவின் மச்சான் ஷூ கம்பெனியில், தையல் கோணல் என்று வெளிநாட்டுக்காரன் ஒதுக்கிய ஜோடி. நல்ல தோல். அந்தோணி அங்கே நின்றிருந்தார்.

“ஷூவோட வராத சார், நாறிப்போய்டும். நாளிக்கு வா, பலகை போட்டு வெக்கறேன்.”

நியாயமான பேச்சாகப் பட்டது. ஆபீசுக்குத் திரும்பினேன். மீட்டர் வயரை ஸ்விட்சில் செருகாமல் அப்படியே விட்டேன். உடனே திரையில் ‘மீட்டர் இணைப்பு இல்லை’ என்று சிவப்புக் கட்டம் வந்து காகிதங்களை மறைத்தது. அது வந்தால் அவள் மறுபடி போன் செய்வாள். அது வராதபடி நிறுத்திவைத்தேன். கடைசியாக வந்த நம்பர் மட்டும் திரையில் நின்றது. நோட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காவேரிப்பாக்கத்தில் ஒரு வேலை வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் ஆம்பூரிலிருந்து போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகவே முபஷ்ஷிரா பொய் சொல்லவில்லை சார். திரையில் மூன்று என்றுதான் இருந்தது. இருபத்திரண்டு நாளாக மூன்று என்றுதான் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். அவள் மேஜைக்குப் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்டர்காம் அடித்தது. அந்தோணியின் குரல் எனக்கே கேட்டது.

“பாப்பா, நம்பர் இன்னா?”

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண்.

“அண்ணா, டெய்லி பாக்குறேன், மூணுலயே நிக்குது. கரெக்டாத்தான் காட்டுதா?”

எதிர் மேஜையில் பாஷா தலையைத் தூக்கினார். அவர் முழங்கைக்கடியில் அந்த நோட்டு இருந்தது. யோசிக்காமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வாய் டீ விழுங்குகிற நேரம் யோசித்தேன். நான் பார்த்தவரை அந்த நம்பர் ஆறைத் தாண்டியதில்லை. இல்லை என்று சொன்னால் பன்னிரண்டாவது கம்ப்ளெயின்ட் ஆகிவிடும்.

“கரெக்டாத்தாம்மா காட்டுது,” என்றேன்.

“மூணுதான் அந்தோணி அண்ணே, எறங்கலாம்,” என்று அவள் சொன்னாள். பாஷா மறுபடி குனிந்துகொண்டார்.

அந்தோணி இறங்கினார். அவர் சத்தமே வரவில்லை என்று உள்ளே இறங்கித் தூக்கப்போனவர் அவரோடு வேலை செய்த கோவிந்தசாமி. வெளியே கூச்சல் கேட்டு ஆபீஸே தொட்டிப் பக்கம் ஓடியது. நானும் ஓடினேன், ஸ்விட்ச் பெட்டிக்கு. வயரைச் செருகினேன். திரையில் மூன்று போய் இருநூற்று எண்பத்தாறு வந்தது. சிவப்புக் கட்டம் வராமல் நிறுத்தியிருந்ததையும் பழையபடி மாற்றிவைத்தேன். நீங்கள் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது அதனால்தான். திரையைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள் என்று நீங்கள் அவளைச் சந்தேகப்பட்டதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியது. எல்லோரும் கேட் பக்கம் அழுதுகொண்டு நின்றார்கள். நீங்கள் வருவதற்குள், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பம்ப் ரூமுக்குப் போய், கறுத்த முனையை வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன். எண்ணிப் பத்து நிமிஷம். அந்தோணி சொன்ன சொல் மாறாதவர், அந்தச் சேற்றின்மேல் நீளமாகப் பலகை போட்டு வைத்திருந்தார். என் ஷூவில் ஒரு பொட்டு படவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததா என்று நோட்டை வாங்கிப் பாருங்கள் சார். வேலையைப் பாதியில் விட்டுப்போகிற ஆள் இல்லை நான்.