ஜன்னல் வைக்காத கட்டடம்

வாலாஜாபாத் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஏதோ சேவைச் சங்கக் கூட்டத்தில் மதியச் சாப்பாடு பரிமாறிவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“சூதாட்டக் கட்டடம் கட்டினவருக்குப் பட்டு சால்வை போத்தறாங்கக்கா” என்றாள் இளையவள். அதற்குப் பிறகு நான் போனைப் பார்க்கவில்லை.

“எங்க கட்டினாராம்?”

“அமெரிக்காவுல. அங்க பழங்குடி ஜனங்க நிலத்தையெல்லாம் வெள்ளைக்காரங்க புடுங்கிக்கினாங்களாம். மிச்சம் இருக்கற இடத்துல இவரு கேசினோ கட்டிக் குடுத்தாராம். அந்த வருமானத்துல ஸ்கூலு, ஆஸ்பத்திரி எல்லாம் வந்துச்சாம்.”

“ஆட வந்தவங்க என்ன ஆனாங்களாம்?”

“அதை யாரும் கேக்கலக்கா. உள்ள ஜன்னல் வைக்க மாட்டாங்களாம், கடிகாரமும் மாட்ட மாட்டாங்களாம். பகலா ராத்திரியான்னு தெரியாம ஆடிக்கினே இருக்கணுமாம். அதுக்குத்தான் எல்லாரும் கை தட்டினாங்க.”

பெரியவள் பஸ் ஜன்னலின் ஷட்டரை மேலே தள்ளிவிட்டாள்.

“போன்ல ரம்மி ஆட வெளிச்சம் கூசுதுன்னு எம் புள்ள ஜன்னல அடைச்சிட்டாம்மா. தறியில டிசைனுக்கு மாட்டற அட்டையக் கழட்டி அடைச்சிட்டான்.”

“அப்போ தறி?”

“அட்டை இல்லாம தறி எங்க ஓடறது?”

கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட்டையும் பெரியவளே எடுத்தாள்.

“இன்னிக்குக் காலையில டீ எடுத்துக்கினு போனேன். ‘நீ இன்னும் தூங்கலையாம்மா’ன்னு என்னைக் கேக்கறான்.”