ஒவ்வா மை

ஹலோ... ஹலோ, மேதா? கட் பண்ணாத! கட் பண்ணாதடீ, நான்தான், பூங்கோதை. இது ஆபீஸ் லேண்ட்லைன். என் செல்லுலேர்ந்து அடிச்சா நீ எடுக்க மாட்டேங்கற, வேற என்ன பண்ணச் சொல்ற?... ஆமா... ஆமா, லஞ்ச் டைம்தான். எல்லாரும் கேன்டீனுக்குப் போயிட்டாங்க. நான் போகல. எப்படிப் போறது? டிபன் பாக்ஸத் திறக்கறேன், அந்த நேரம் பார்த்து உன் வீடியோ வந்து நிக்குது.

எந்த வீடியோவா? ஐயோ பாவம், பச்சக் குழந்த! எந்த வீடியோன்னு தெரியலயாம்!

"மேரா மேக்கப் கலெக்‌ஷன்." ... ம். அதேதான். 'மேரா'வாம், 'என்னோட'வாம். எப்படிடீ 'மேரா' ஆச்சு? அந்த நீலப் பெட்டி யாரோடது? சதர் பஜார்ல, எலெக்ட்ரீஷியன் சாமான் விக்கற கடைல நின்னு பேரம் பேசி வாங்கினது யாரு? உள்ள இருக்கற ஒவ்வொரு பேலட்டும் யாரோடது? ... இல்ல, நீ சொல்லு. வாயத் தொறந்து சொல்லு.

அச்சா? நீயும் கூட வந்தியா? ... வந்த. ஆமா, வந்த. யார் இல்லேன்னாங்க? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல அம்மாவுக்கு முருங்கக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிட்டு, அப்படியே சரோஜினி நகர் போவோம். நீ கோல்கப்பா தின்னுட்டு நிப்ப. நான் அந்த வெயில்ல ஒவ்வொரு பேலட்டா மணிக்கட்டுல தேச்சுத் தேச்சுப் பார்ப்பேன். கடைக்காரன் "லேனா ஹை தோ லோ தீதீ, டைம் கோட்டி மத் கரோ"ன்னு, வாங்கறதுன்னா வாங்கு, நேரத்த வீணாக்காதன்னு கத்துவான். நீ தள்ளிப் போய் நின்னுப்ப, என்னைத் தெரியாத மாதிரி. அந்தக் கூட வந்ததுதானே?

இரு, நான் பேசி முடிச்சுக்கறேன்... இல்ல, நான் முடிக்கறேன். கம்மி விலை பேலட்ல நமக்கு ஆகற கலர் ரெண்டோ மூணோதான்டீ இருக்கும். மத்ததெல்லாம் நம்ம நிறத்துக்குப் போட்டா சுண்ணாம்படிச்ச மாதிரி இருக்கும். அந்த ரெண்ட மட்டும் பேத்து எடுத்து, வேற பேலட்ல எடுத்ததோட சேத்து ஒட்டி, கண்ணுக்குக் கீழ கருவளையத்துக்கு ஆரஞ்சு போட்டாத்தான் அடங்கும்னு என் மூஞ்சிலயே போட்டுப் போட்டு கண்டுபிடிச்சு... நீ ஹாயா கேமரா முன்னாடி உக்காந்து, "மைனே தீரே தீரே பனாயா"ங்கற! மெதுமெதுவா நீ சேத்தியாம்!

சாரியா? ... 'சாரி யார், சாரி யார்'னு ஹிந்தில கொஞ்சாத எங்கிட்ட. போட்டோ எடுக்கணும், ரெண்டு நாள்ல தந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே பெட்டிய வாங்கிட்டுப் போன? நானும் மடச்சி மாதிரி பிரஷ்ஷெல்லாம் கழுவிக் காயவெச்சுக் குடுத்தேன். பால்கனில காயவெச்சேன்டீ. குரங்கு வந்துடும்னு பக்கத்துலயே உக்காந்துட்டிருந்தேன்.

அப்புறம் அந்த கமென்ட்... பார்த்தேன். கீழ ஒருத்தி கேட்டிருக்கா, "பேலட்ல தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கே, எவ்வளவு அழகா இருக்கு, யார் எழுதினது?"ன்னு. நீ என்ன பதில் போட்டிருக்க? ... சொல்லு... சொல்ல மாட்டியா, நானே சொல்றேன். "நான்தான், என் தாய்மொழி"ன்னு போட்டிருக்க. பக்கத்துல ஒரு ஹார்ட்டு. அடிப்பாவி! உனக்கு 'ழ' எழுத வருமாடீ? வாட்ஸ்அப்ல ஒரு வரி தமிழ் படிக்கறதுக்குள்ள மெட்ரோ ரெண்டு ஸ்டேஷன் போயிடும்! ... இல்ல, அது தப்புன்னு நான் சொன்னதே இல்ல. நீ படிச்ச ஸ்கூல் அப்படி. மந்திர் மார்க் தமிழ் ஸ்கூல்ல படிச்சேன்னு நீதான் என்னைக் கிண்டல் பண்ணுவ. 'வணக்கம் மிஸ், வணக்கம் மிஸ்'னு. இப்ப அந்த எழுத்து மட்டும் இனிக்குதா?

காப்பித்தூள். புளி. கத்திரிப்பூ. சுட்ட அப்பளம். ஷேடுக்குப் பேரே இல்லாம வெறும் நம்பரோட வந்த பேலட்டுக்கெல்லாம் வெள்ள டேப்புல நான் எழுதின பேரு. ஒரு ஆசைல எழுதினேன். அதப் போய்...

நஹி பையா, சாய் பாத் மே. பாத் மே! ... உன்னைச் சொல்லல, ஆபீஸ்ல டீ கொண்டுவந்தாரு, அப்புறம்னேன்.

என்ன சத்தம் அங்க? ... டிவியா? டிவில நாகஸ்வரம் வாசிக்கறாங்களா? ... இரு. இரு இரு. உன்னக் கூப்பிடறாங்க பாரு. "மேதா, ஜல்தி வாம்மா, பொண்ணு உக்காந்துட்டே இருக்கா"ன்னு... மேதா. அது ராஜி மாமி குரல்.

பொய் சொல்லாத. எங்க மாடி வீட்டு ராஜி மாமி குரல் எனக்குத் தெரியாதா? தினம் காலைல அந்தக் குரல்லதான் எங்க ப்ளாக்கே எழுந்துக்குது. இன்னிக்கு அவங்க பொண்ணு ப்ரீதாவுக்கு ரிசப்ஷன். எங்க ஜனக்புரில நீ என்னடீ பண்ற, இந்த நேரத்துல? ... கெஸ்ட்டா? சாயந்திரம் ரிசப்ஷனுக்கு மத்தியானமே வந்துட்டியா, பொண்ணோட ரூமுக்குள்ள?

...

ப்ரீதாவுக்கு நான்தான் மேக்கப்னு பேசி வெச்சிருந்த மாமி, போன வாரம் எங்க வீட்டுக்கு இறங்கி வந்தாங்க. "தப்பா எடுத்துக்காதம்மா பூங்கோத, பார்லர்லேர்ந்து ஆள் வராங்க, முடிவாயிடுச்சு"ன்னாங்க. என் மூஞ்சியப் பார்க்கல, குக்கரப் பார்த்துச் சொன்னாங்க. நானும் "பரவால்ல மாமி"ன்னு சிரிச்சிட்டு, பாத்ரூம்ல போய்க் கொழாயத் திறந்துவிட்டுட்டு அழுதேன். அந்தப் பார்லர் நீதானா?

வாயத் தொற மேதா. நீதானா? ... 

என்ன சொன்ன அவங்ககிட்ட? ... எனக்கு லீவு கெடைக்காதுன்னா? நான் லீவு போட்டு, சாங்ஷன் ஆகி, மாமி வேண்டாம்னதும் கேன்சல் பண்ணிட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன்டீ! ... வேற என்ன சொன்ன? ... ம்... ம்... எனக்குக் கை நடுங்கும்னா? கல்யாணப் பொண்ணுன்னா பதறிடுவேன்னா?

அது நான் சொன்னது. உங்கிட்ட நான் சொன்னது, மேதா. "பயமா இருக்குடீ, முதல் கல்யாணப் பொண்ணு, கை நடுங்கிடுமோ"ன்னு உன் கையப் பிடிச்சுட்டுச் சொன்னேன். இந்த ஒண்ணு நல்லா வந்தா நம்மவங்க வீட்லயெல்லாம் கூப்பிடுவாங்க, இந்த வேலைய விட்டுடலாம்னு சொன்னேன். எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அத எடுத்துட்டுப் போய் அங்க போட்டுக்குடுத்தியா?

போ. சரி, போ. பண்ணு. நல்லாப் பண்ணு. எனக்கென்ன. பெட்டிய மட்டும் நாளைக்கு செக்யூரிட்டிகிட்ட வெச்சிட்டுப் போயிடு, வீட்டுப் படி ஏறாத... என்ன? ... கண்ணு முடிச்சிட்டியா, மீதி மூஞ்சிதான் பாக்கியா? கேக்கவே இல்லயே நான். எதுக்கு எங்கிட்ட சொல்ற?

... எதுல போட்ட?

மையா? எந்த மை? பெட்டில காஜலே கிடையாதே. காஜல் அவங்கவங்க சொந்தமா வெச்சிருக்கறதுதான் போடணும், இன்னொருத்தருக்குப் போட்டதப் போடக் கூடாதுன்னு நான் வாங்கவே இல்லயே. நீ எதச் சொல்ற? ... கறுப்பு. டேப்புல பேர் எழுதியிருக்கா. என்ன எழுதியிருக்கு, படி. மெதுவாப் படி.

...

"ஒவ்வா மை."

ஐயோ. ஐயோ மேதா. மை இல்லடீ அது! நடுவுல எதுக்குடீ விட்டுப் படிக்கற? ஒண்ணாப் படி! ஒவ்வாமை! ... என்னது? வீடியோலயும் சொல்லியிருக்கியா? நான் முழுசாப் பார்க்கல, பாதிலயே வயிறு எரிஞ்சு நிறுத்திட்டேன்... "ராஜா காலத்துல ராணிங்க இட்டுக்கிட்ட ஒவ்வா மை"யா? ... சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு.

ஒவ்வாமைன்னா அலர்ஜிடீ! அலர்ஜி! உடம்புக்கு ஒத்துக்காதுன்னு அர்த்தம்! ... ஆமா, தமிழ்தான். வீட்ல யாரு அப்படிப் பேசறாங்க, சயின்ஸ் புக்ல இருந்தது. அந்தக் கறுப்பு எனக்கு ஆகல. ஜனவரில ஒரு வாரம் கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஆபீஸ் போனேனே, "பனில என்னடீ ஸ்டைலு"ன்னு நீ சிரிச்சியே... அதேதான். கண்ணு ரெண்டும் பூரி மாதிரி உப்பிடுச்சு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல. பக்கத்துல இருக்கற மூணு பிரவுனும் அவ்வளவு நல்லா இருக்கும், பேத்தா உடைஞ்சுடும், அதுக்காகத்தான் அந்த பேலட்டத் தூக்கிப் போடாம, அத யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டினேன்.

துடை. இப்பவே துடை, மேதா.

... பொறாமையா? எனக்கா? ... உன் வேலையக் கெடுக்கறதுக்கு நான் கதை கட்டறேனா? ... சத்தியமா சொல்றேன். எங்கம்மா மேல சத்தியமா. நான் கோவமாத்தான் இருக்கேன், உன்னக் கண்டாலே பிடிக்கல எனக்கு இப்ப, ஆனா ப்ரீதா என்ன பண்ணா பாவம்? ... நம்பலயா? சரி, ஒண்ணு பண்ணு. அந்த டேப்ப மாமிகிட்ட காட்டு. மாமி கும்பகோணத்துல படிச்சவங்க, பார்த்த உடனே சொல்லிடுவாங்க... ஏன்? ... ஏன் காட்ட மாட்ட? ... ஓ. ஆமால்ல. காட்டினா எழுதினது யாருன்னு கேப்பாங்க.

அது போகட்டும். அத விடு. அவ என்ன சொல்றா? ... கண்ணுல தண்ணி வருதா? ... அம்மா வீட்ட விட்டுப் போறான்னு அழறாளா? யார் சொன்னாங்க, அவ சொன்னாளா? ... கேளு. அவகிட்டக் கேளு. நான் லைன்லயே இருக்கேன்.

...

எரியுதா.

சரி. சரி, பதறாத. கேளு. லென்ஸ் போட்டிருக்காளா? ... முதல்ல அதக் கழட்டச் சொல்லு. நீ தொடாத, அவளே கழட்டட்டும். கை கழுவிட்டு. கசக்கவே கூடாதுன்னு சொல்லு... ஆச்சா? ... ம். பஞ்சு எடு. தேங்காய் எண்ணெய் மாமி வீட்ல இல்லாம இருக்காது, கேளு... வெச்சிருக்கியா. நல்லது. கண்ண மூடச் சொல்லிட்டு, மேலேர்ந்து கீழ, ஒரே பக்கமா. தேய்க்காத. ஒத்தி ஒத்தி எடு. ஒரு தடவ எடுத்த பஞ்ச மறுபடி வெக்காத... ஆமா... ஆமா, அப்படித்தான். அப்புறம் பச்சத்தண்ணில நல்லா அலசணும். நிறைய. புடவை நனைஞ்சா நனையட்டும், டவல் கட்டிவிடு.

சிவந்திருக்கா? ... வீங்கலயே? ... அச்சா. அப்பாடா. ப்ரீதா அப்பா, பத்ரி மாமா இருக்காருல்ல, அவரு கார எடுத்து வெச்சுக்கட்டும். அடங்கலேன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க, ரிசப்ஷன் லேட்டானா ஆகட்டும்... அடங்கிட்டா, கண்ணுகிட்ட எதுவும் வேண்டாம். உள் இமைல ஒண்ணும் போடாத. மேல மட்டும் லேசா அந்த காப்பித்தூள்... இடது பக்கம், ரெண்டாவது வரிசை. 'கா'ன்னு ஆரம்பிக்கும், பாரு. ஆமா, அதேதான். மொத்தமாப் போடாத, அவளுக்குக் கண்ணு பெருசு, எதுவும் போடாமலே நல்லாத்தான் இருப்பா. உதட்டுக்கு அந்தப் புளிய வெச்சிடு, பார்க்கறவங்க கண்ணு அங்க போயிடும்...

என்ன? எழுதிக்கறியா? ... ம். எழுதிக்கோ.

கதவு சத்தம் கேக்குதே. மாமி வந்துட்டாங்களா? ... மேதா? ... மேதா...

...

போனை நெஞ்சுல வெச்சு மூடிக்கிட்டா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?

என்ன சொன்ன இப்ப மாமிகிட்ட? ... கேட்டுச்சுடீ. நல்லாவே கேட்டுச்சு. "யாரோ ஒரு பொண்ணு மாமி, மேக்கப் கத்துக்கறா, போன் பண்ணி டவுட்டு கேட்டுட்டே இருக்கா." ... 

இல்ல, கத்தல. கத்த மாட்டேன். மாமிகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத. இன்னிக்கு அந்த வீட்ல விசேஷம்.

ஆனா டவுட்டு இருக்கு. ஒண்ணே ஒண்ணு. யாரோதானே, கேட்டுடறேன். அந்தப் பெட்டி வேணும்னு நீ கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன். ப்ரீதாவுக்கு நான் பண்றேன்டீன்னு கேட்டிருந்தா, அதையும் குடுத்திருப்பேன், பக்கத்துல நின்னு பிரஷ் எடுத்துக் குடுத்திருப்பேன். ஏன் மேதா கேக்கல?

... 

அழறியா? ... வேண்டாம். கண்ணத் துடை. ... உன் கண்ண இல்லடீ, ப்ரீதா கண்ண. தண்ணி இன்னும் வடிஞ்சிட்டிருக்கும். போ.

வெக்கிறேன்.