டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்த பொன்செல்வி அவர்களுக்கு

மின்சுற்றின் மனமறிந்த மாண்பாளரே! முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்னின்று உழைத்த மூத்த தொழில்நுட்பரே! எங்களில் சிலருக்கு அக்காவும் பலருக்குச் சேச்சியுமான பொன்செல்வி அவர்களே! வணக்கம்.

நீங்கள் நேரம் தவறியதில்லை. கருவிகளை இடம் மாற்றி வைத்ததில்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை. (இந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்கிறார், இருமுறை திட்டு வாங்கிய பிந்து.)

இவற்றையெல்லாம் விட ஒரு புதன்கிழமையைச் சொல்லவே இந்த மடல்.

குழந்தைகளுக்கு ஊசி போட நரம்பைத் திரையில் காட்டும் கருவியை நம் ஒப்பந்தப் பொறியாளர் ஷாஜி வடிவமைத்திருந்தார். கையின் மீது அகச்சிவப்பு ஒளி விழ வேண்டும். மருத்துவமனைச் சோதனையில் இருமுறையும் திரை மங்கலாகவே இருந்தது. வடிவமைப்பே தவறு என்றார்கள் மேலதிகாரிகள். மறுநாள், வியாழக்கிழமைச் சோதனையிலும் தோற்றால் திட்டம் நிற்கும். ஷாஜியின் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடியும்.

நாங்கள் எல்.இ.டி.களை மாற்றினோம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை செல்போன் கேமராவில் பார்த்தோம், ஊதாவாகத் தெரிந்தது. எரிகிறது என்று திருப்தியடைந்தோமே தவிர, எவ்வளவு எரிகிறது என்று ஒருவரும் அளக்கவில்லை.

நீங்கள் அளந்தீர்கள். வர வேண்டிய மின்னோட்டத்தில் கால் பங்குதான் வந்தது. மின்வழங்கி சரி, மின்தடைகளும் சரி. மிஞ்சியது எல்.இ.டி.களை இயக்கும் டிரான்சிஸ்டர். அதைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்து, கம்பெனியின் விவரத்தாளோடு ஒப்பிட்டீர்கள். அதே எண், வேறு கம்பெனி. கால்களின் வரிசை நேரெதிர். திருப்பி வைத்தாலும் டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்யும். அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது.

பழைய சரக்கு தீர்ந்ததும் புதியதை வாங்கி, கைப்பழக்கத்தில் பத்துக் கருவிகளின் மின்சுற்றுப் பலகையிலும் பற்றவைத்தவர் நீங்கள்.

"ஷாஜி, பழி ஒனக்கில்லப்பா. காலு மாத்தி வச்சது நானாக்கும்."

"சேச்சி வாயத் தெறந்து மிண்டாம இருந்தா ஆருக்கும் தெரியாதில்லே? டிரான்சிஸ்டர் போயின்னு எழுதினா மதி, அது போதும்."

"அப்போ ஒன் டிசைனு தப்புன்னு சொன்னது அப்படியே நிக்கும். நீ போயிட்டா எனக்கு டீ வாங்கித் தர ஆரிருக்கா? தள்ளு, எழுதட்டு."

பழுதுப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் "பாகம் பழுது" என்று எழுதி நழுவுவதே எங்கள் வழக்கம். நீங்கள் எழுதினீர்கள்: "டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்தேன். வடிவமைப்பில் குறையில்லை. பொன்செல்வி."

அன்று மாலைக்குள் பத்தையும் சரியாக மாற்றினீர்கள். மறுநாள் வார்டில் ஓமனா சிஸ்டர் மூன்று வயதுக் குழந்தையின் கையைக் கருவியின் கீழ் நீட்டினார். "அடடா, ரோடு மேப்பு போலல்லே இருக்கு!" என்றார். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. ஷாஜியின் ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு நீண்டது.

இன்று அந்தக் கருவி நான்கு வார்டுகளில் வேலை செய்கிறது. பதிவேட்டிலோ, "நான்தான்" என்று பெயரெழுதி ஒப்புக்கொண்டவர்கள் இதுவரை ஏழு பேர். பிந்து மட்டும் மூன்று முறை. பழுதுகள் இப்போது ஒரு நாளுக்குள் பிடிபடுகின்றன.

ஓய்வு உங்களுக்கு நிறைவு தரட்டும்! நோயின்றி, மனக்குறையின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் குடும்பத்தாருடன் மகிழ்ந்து வாழ்க! சந்தேகம் வந்தால் போன் செய்வோம், மறக்காமல் எடுங்கள்.

என்றும் அன்புடன்,
ஷாஜி ("முதல் ஒப்பு என்டேதாணு", முதல் கையெழுத்து தன்னுடையதுதான் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்),
பிந்து, லிபி, வன்னியராஜ்,
மற்றும் மருத்துவக் கருவிச் சோதனைக்கூடத்தார்,
திருவனந்தபுரம்.