சக்கரத்தை மட்டும் மாற்றினேன்

டீ நன்றாக இருந்தது, ஏட்டய்யா. ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே ஏதாவது தப்பு செய்துவிட்டு வந்திருப்பேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். உங்கள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற அம்புரோஸ். காலடிப்பேட்டையில் டயர்க் கடை. ராயபுரம் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் கழுதையாக வருகிறவன். இவனுக்கு முகமூடி எதற்கு என்று சாமியாரே கேட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டபாணியின் வண்டி மோதிய விஷயமாக வந்திருக்கிறேன். டிரைவர் லோகநாதன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடி உங்களிடம் சொன்னாராம். லோகு குடிக்க மாட்டான். வியாசர்பாடி பந்தாட்ட டீமில் கோல் காக்கிறவன். பீடி பிடித்தால் மூச்சு வாங்குமோ என்று புகை வரும் திசையில்கூட நிற்க மாட்டான். அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் கூடவே வருகிறது.

தண்டபாணி துறைமுகத்துக்கு ஆள் விடுகிற மேஸ்திரி. என் தம்பி சிலுவைமுத்து அவரிடம்தான் கப்பலின் அடித்தளத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். மூட்டை தூக்குகிற கயிறு நூல் நூலாகப் பிரிகிறது என்று தம்பியே அவரிடம் போய்ச் சொன்னான். “அடுத்த கப்பலுக்குப் பாத்துக்கலாம்” என்றார். அந்தக் கப்பல் முடிவதற்குள் கயிறு அறுந்து தம்பி முடிந்துவிட்டான். குடித்திருந்தான், மேலே மூட்டை வந்தபோது விலகத் தெரியவில்லை என்று தண்டபாணி எல்லாரிடமும் சொன்னார். மதுவிலக்கு இருக்கிற ஊரில் செத்தவன் மேல் போடுகிற கேஸ் அது. அவன் மனைவி ஐரீன் கோயிலில் உட்கார்ந்தால், குடிகாரன் பெண்டாட்டி என்று பெஞ்சில் பக்கத்து இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கும்.

அடக்கத்துக்கு அவரும் வந்தார். பெரிய மாலை. என் தோளைத் தட்டி, “இன்னா அம்புரோஸு, இன்னிக்காவது வாய மூடிகினு கீறியே” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம்தான்.

அப்புறம் ஒரு நாள் அவருடைய பெரிய ஜீப் வேகன் என் கடை வாசலில் வந்து நின்றது. துறைமுகக் கேட்டில் லாரிக்காரர்கள் அவரை மேலிருந்து பார்க்கிறார்களாம். அவர்களுக்குச் சரிசமமாக உட்கார வேண்டுமாம். யானைக்கவுனியில் பழைய இரும்பு விற்கிற ஹுமாயூனிடம் மிலிடரி வண்டிச் சக்கரங்களை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சக்கரமும் பெரிசு, டயரும் பெரிசு.

அந்தச் சக்கரம் போட்டால் வண்டியையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். வண்டியைத் தாங்குகிற வில்லுப் பட்டைகளை உயர்த்த வேண்டும், பிரேக் குழாயை நகர்த்திக் கட்ட வேண்டும். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அதுவரை அவர் நடந்து போவதா?

“சக்கரத்த மட்டும் மாத்து. வண்டில வேற எதையும் தொடாத.”

தொடவில்லை. யார் சொல்லையும் நான் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதே இல்லை.

மாட்டி முடித்ததும் வண்டி நிஜமாகவே அழகாக இருந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். டயரின் விளிம்பு, பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயைத் தொட்டது. அந்தக் குழாய் ஓரிடத்தில் அறுந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மறைக்கவில்லை, ஏட்டய்யா. சொன்னேன். என் பாஷையில் சொன்னேன்.

“அண்ணே, டயரு பிரேக் கொழாய மோந்து பாத்துகினு கீது. ஒரு நாளைக்குக் கடிச்சிடும்.”

“மொதல்ல உன் வாய்க்கு ஒரு பிரேக் போடு” என்று சிரித்தார். ஏறி உட்கார்ந்தபிறகு, “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றார்.

தம்பிக்குச் சொன்ன அதே பதில். அதைக் கேட்டதும் என் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி மீன் குழம்பை இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லோகுவுக்கு லீவு. பந்தாட்டம். அன்றைக்குத் தண்டபாணியே ஓட்டிக்கொண்டு எண்ணூர் போவார். குழாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறும் என்று வைத்துக்கொண்டேன். ரப்பருக்குக் கிழமை தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் சதா நினைத்துக்கொண்டே இருக்க முடியுமா?

விபத்துக்கு முதல் நாள் லோகு காற்றடிக்க வந்தான்.

“மாமு, லெப்டுல ஃபுல்லா ஒடிச்சா இன்னாவோ சொறியிற சத்தம் கேக்குது.”

குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். குழாய் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. சட்டைப் பையில் கம்பித் துண்டு இருந்தது. தேய்ந்ததை மாற்றாவிட்டாலும், இழுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுக்காதே என்று சொல்லியிருக்கலாம். அவன் போய் முதலாளியிடம் சொல்வான். முதலாளி பயந்து குழாயை மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாக வந்துவிட்டுப் போகும்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். “அது ஒண்ணும் இல்ல நைனா. டயருக்கு பிரேக் கொழா மேல காதலு. தெனம் முத்தம் குடுக்குது. ஒரு நாளு ரெண்டும் ஓடிப்பூடும், நீ தனியா நிப்ப.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “போ மாமு, உன்னாண்ட வந்து கேட்டேன் பாரு” என்றான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிக்கிறவன் அவன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். நாலு டயருக்கும் காற்றை அளவு பார்த்து நானே அடித்துவிட்டேன்.

மறுநாளே, ஞாயிறு வருவதற்கு முன்பே, திருவொற்றியூர் ரோட்டில் இரும்புத் தகடு ஏற்றிய டிரெய்லர் முன்னால் நின்றுவிட்டது. லோகு பிரேக்கை மிதித்திருக்கிறான். கால் தரை வரை போயிருக்கிறது. கடைசி நொடியில் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துத் தன் பக்கத்தைக் கொடுத்திருக்கிறான். கோல் காக்கிறவன் புத்தி, எதிரே வருவதைத் தன் உடம்பில்தான் வாங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தண்டபாணிக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும் போச்சு.

லோகுவின் அம்மா கெங்கம்மா வீட்டில் அவனுக்குப் பாடை கட்ட நானும் இருந்தேன். அங்கே ஒருவன் வந்து, பையன் குடித்திருந்தானாமே என்றான். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. இரண்டு நல்ல பிள்ளைகளை அந்த ஆள் குடிகாரனாக்கிவிட்டார், ஏட்டய்யா. நான் யாரையும் ஏமாற்றவில்லை. தண்டபாணியிடம் சொன்னேன், லோகுவிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

எழுதவில்லையா? பேனாவை மூடிவிட்டீர்களே. தோள் குலுங்குகிறது, நீங்களும் சிரிக்கிறீர்கள்.

பரவாயில்லை. சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன்.